கடைசி வரிசையிலிருந்து ஓர் அரை மராத்தான்: பாளையங்கோட்டை ஓட்டம் பற்றிய மதிப்புரை

பாளையங்கோட்டையில் கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்த அரை மராத்தானில் என் தோழியர் மூவருடன் நானும் ஓடினேன். 21 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். எனக்கு அது முதல் அரை மராத்தான். 3 மணி 12 நிமிடத்தில் முடித்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மிகச் சிலரே. முன்வரிசையில் ஓடுகிறவர்களுக்கு எந்தப் போட்டியும் பெரும்பாலும் நன்றாகவே நடந்துவிடும். அவர்கள் வரும்போது மேசைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், சாலை காலியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மூன்று மணி நேரம் கழித்து வருகிறவர்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே ஓர் ஓட்டத்தை நடத்துகிறவர்களை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலில் இந்த ஓட்டம் பெரும்பாலான இடங்களில் நிறைவாகவும், ஓர் இடத்தில் மட்டும் வருத்தம் தரும்படியும் இருந்தது.

பதிவுக் கட்டணம் ஒருவருக்கு 800 ரூபாய். நான்கு பேர் குழுவாகப் பதிவு செய்தால் நால்வருக்கும் அடுத்தடுத்த எண்களும் ஒரே புறப்பாட்டு வரிசையும் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்றாலும், புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு எந்தச் சலுகையையும்விட மேலானது. தனித்தனி வரிசையில் நிறுத்தியிருந்தால் இருட்டில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடுவதிலேயே முதல் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். முந்தைய நாள் மாலையில் பள்ளி மைதானத்தில் எண் அட்டையைக் கொடுத்த மாணவி, அதன் பின்புறம் ஒட்டியிருந்த நேரச் சிப்பைக் காட்டி, மடிக்காமல் நெஞ்சுக்கு நேரே குத்திக்கொள்ளும்படி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பட்டையை நாம் மிதிக்கும் நொடியிலிருந்துதான் நம் நேரம் கணக்காகும் என்பதையும், பின்வரிசையில் நிற்பதால் நமக்கு ஒரு நொடியும் நட்டமில்லை என்பதையும் அவள் விளக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

நால்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமாள்புரத்தில் என் பக்கத்து வீட்டு மதினிக்கு வயது 46. நடைப்பயிற்சியைத் தவிர வேறெதுவும் அறியாதவர். என் கல்லூரித் தோழி செவிலியராக வேலை பார்க்கிறாள். நான்காமவர் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். ஏற்கெனவே நான்கு அரை மராத்தான்கள் ஓடியவர். இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடியவர் எங்களுக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேல் விட்டுக்கொடுத்தார். ஆடி மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி ஓடினோம், ஞாயிறுதோறும் கே.டி.சி. நகர் தாண்டிக் கிருஷ்ணாபுரம் சாலையில் நீண்ட ஓட்டம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய ஓடி நடக்கும் முறையை டீச்சர் எங்களுக்குப் பழக்கினார். நான்கு நிமிடம் ஓட வேண்டும், ஒரு நிமிடம் நடக்க வேண்டும். களைத்துப்போன பிறகு நடப்பதைவிடக் களைப்பு வருமுன் நடப்பதே இதன் நுட்பம். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று அவர் அடிக்கடி சோதிப்பார். முடியவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

காலை 5.30 மணிக்குப் புறப்பாடு. 2 மணி, 2 மணி 15 நிமிடம், 2 மணி 30 நிமிடம், 3 மணி என்று எழுதிய கொடிகளை முதுகில் கட்டியிருந்த வேகத் துணைவர்கள் அந்தந்த வரிசையில் நின்றார்கள். கொடியில் உள்ள நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் ஓடி, மற்றவர்களைக் கூட்டிச்செல்வது இவர்கள் வேலை. 3 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி ஓட வேண்டும். எங்கள் பயிற்சி வேகம் அதற்குச் சற்றுக் குறைவு. 3 மணி 15 நிமிடத்துக்கும் ஒரு கொடி இருந்திருந்தால் பின்வரிசைக்காரர்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். முடிக்க அனுமதித்த நேரம் மூன்றரை மணி என்பதால் அந்தக் கொடிக்கு இடமும் இருந்தது.

இந்த ஓட்டத்தின் பெருஞ்சிறப்பு அதன் பாதை. பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம் வழியாக முன்னீர்பள்ளம் தாண்டிச் சென்று அதே வழியில் திரும்ப வேண்டும். மேலப்பாளையத்தைக் கடக்கும்போது இன்னும் இருள் விலகவில்லை. ஒரு வீட்டு வாசலில் முக்காடிட்ட பெரியம்மா ஒருவர் பேரீச்சம்பழத் தட்டை நீட்டியபடி, "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, நின்னு திங்க வேண்டாம்" என்றார். ஊரைத் தாண்டியதும் விடிந்தது. இருபுறமும் பிசான நெற்பயிர் கதிர் வாங்கி நின்றது. பாளையங்கால்வாய்ப் பாசனத்தின் ஈரக்காற்று முகத்தில் பட்டது. மேற்கே பொதிகை மலை முதலில் சாம்பல் நிறத்திலும் பிறகு நீலமாகவும் தெரிந்தது. திரும்பும் முனையில் நையாண்டி மேளம் வைத்திருந்தார்கள். நாதசுரத்துடன் தவிலும் பம்பையும் முழங்க, எங்களைக் கண்டதும் கலைஞர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி கடந்துவிட்டது. முன்னணியில் ஓடியவர்கள் அவ்விடத்தைத் தாண்டி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனாலும் மேளம் ஓயவில்லை. மதினி அந்த ஒரு நிமிட நடையைக் கைதட்டிக்கொண்டே நடந்தார்.

திரும்பும் வழியில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். இந்தப் பாதையில் ஓட நினைப்பவர்கள் தொப்பி இல்லாமல் வர வேண்டாம்.

தூரம் கூடிவிட்டது என்று சிலர் முடிவிடத்தில் குறைபட்டுக்கொண்டதைக் கேட்டேன். என் கைக்கடிகாரமும் 21.4 கிலோமீட்டர் என்றுதான் காட்டியது. இதில் ஏற்பாட்டாளர்கள் மேல் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடி, 1921-இல் நிலைபெற்ற முழு மராத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரில் பாதிதான் 21.0975. சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற எண்ணியைப் பொருத்தி, வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்துத்தான் தடத்தை அளப்பது வழக்கம். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அரை மராத்தானில் அது 21 மீட்டர். நாமோ தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம், வளைவுகளில் வெளிப்பக்கமாகப் போகிறோம், தோழியோடு பேசிக்கொண்டே சாலையின் குறுக்கே நகர்கிறோம். கடிகாரத்தின் ஜி.பி.எஸ். கணக்கும் சற்று முன்பின் ஆகும். இங்கும் சைக்கிள் முறையில்தான் அளந்தோம் என்று பதிவு அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் எனக்கு இடது கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தோழி எதிரே மண்டியிட்டு, குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறுகையால் கால்விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக வளைத்தாள். "ஏட்டி, மூச்சைப் பிடிக்காத, விடு" என்று அவள் சொன்னபோது அவள் நெற்றியில் உப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். மதினி என் முகத்துக்கு வெயில் படாமல் நின்றுகொண்டார். டீச்சர் கடிகாரத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அப்போதே விலகியிருப்பேன். மூன்று நிமிடத்தில் மருத்துவ உதவிக்கான இருசக்கர வாகனம் வந்துவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வந்த இளைஞர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நூறு அடி நடக்கச் சொல்லிக் கவனித்த பிறகே ஓட அனுமதித்தார்.

வருத்தம் தந்த இடம் அதற்கு அடுத்து வந்தது. அதுவரை இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை இருந்தது. மூன்று மேசைகளில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்தார்கள். நாங்கள் மேலப்பாளையத்தை நெருங்கிப் பதினேழரைக் கிலோமீட்டர் மேசைக்கு வந்தபோது மணி 8.15 கூட ஆகவில்லை. மேசை மடக்கப்பட்டுச் சுமை ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தது. நசுங்கிய காகிதக் குவளைகள்தான் தரையில் கிடந்தன. நேர வரம்பு முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது மேசையை எடுத்தது பெருந்தவறு. வேகமாக ஓடுகிறவரைவிட மூன்று மணி நேரம் வெயிலில் நிற்கிறவருக்குத்தான் தண்ணீரும் உப்பும் கூடுதலாகத் தேவை. வியர்வையில் உப்பை இழந்தவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் குறையும் என்றும், நெடுநேரம் ஓடுகிறவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம் என்றும் தோழி பயிற்சி நாட்களிலேயே எச்சரித்திருந்தாள். அவள் இடுப்புப் பையில் வைத்திருந்த கால் லிட்டர் ஓ.ஆர்.எஸ். புட்டியை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடை அண்ணாச்சி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "அண்ணாந்து குடிங்க தாயி, இன்னும் வேணும்னா கேளுங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் தனியே ஓடிவந்த பெரியவர் ஒருவருக்கும் அந்தச் செம்புதான் உதவியது. துணையில்லாமல் ஓடும் ஒருவர், கையில் புட்டியும் இல்லாமல் அந்த இடத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

கழிவறை ஏற்பாடும் பெண்களுக்குப் போதாது. மைதானத்தில் நான்கு, பாதையில் ஒன்றே ஒன்று.

முடிவுக்கோட்டில் நடந்தது அந்தக் கசப்பைப் பெருமளவு ஆற்றியது. நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஒலிபெருக்கியில் நால்வர் எண்களையும் படித்தார்கள். ஏற்கெனவே முடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து ஓரத்தில் நின்றார்கள். பதக்கம் எல்லாருக்கும் மீதமிருந்தது. பொங்கலும் சாம்பாரும் சூடாக இருந்தன. கூடவே ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி, இரண்டு நாட்டு வாழைப்பழம், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் ஒரு பாக்கெட். பனியன்தான் ஆண்களின் அளவில் தைக்கப்பட்டிருந்தது. மதினிக்கு முழங்கால் வரை வந்தது. மாற்றித் தரக் கேட்டபோது மறுப்பில்லாமல் சிறிய அளவைத் தேடிக் கொடுத்தார்கள்.

மறுநாள் நால்வரும் சேர்ந்து ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். கடைசி ஓட்டக்காரருடன் ஒரு சைக்கிள்காரர் வர வேண்டும், அவர் கடக்கும் வரை எந்த மேசையையும் மடக்கக் கூடாது, 3 மணி 15 நிமிடக் கொடி வேண்டும், பாதையில் பெண்களுக்கு இன்னும் இரண்டு கழிவறைகளாவது வேண்டும் என்று கேட்டிருந்தோம். நான்காம் நாள் பதில் வந்தது. மேசையை எடுத்தது தங்கள் பிழையே என்று ஒப்புக்கொண்டு, சைக்கிள்காரரை நியமிப்பதாக உறுதி கூறியிருந்தார்கள். கழிவறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை மட்டும் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறோம். அடுத்த ஆண்டும் ஓடுவோம். அதுவரை, இங்கே முதன்முறை ஓட வருகிறவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணித்தால், கால் லிட்டர் புட்டி ஒன்றையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். முடிந்தால் குழுவாகவே பதிவு செய்யுங்கள்.