தியானம் சொல்லிக்கொடுக்கப் படித்தேன்: ஏழு வருஷத்துக்கு அப்புறம் எழுதுவது

"டீச்சர், அமெரிக்காக்காரங்க ஆன்லைன்ல ரெண்டு வருஷம் தியான ஆசிரியர் பயிற்சி நடத்துறாங்களாமே, சேரலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போனில் பேசி மாளவில்லை. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், வயது 48. படித்தது பௌத்தத் தியானம் என்றாலும் மதம் மாறவில்லை, வீட்டில் விளக்கேற்றுவதையும் குறுக்குத்துறை முருகனையும் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

தொடங்கியது 2018 மே லீவில். நெல்லை எக்ஸ்பிரஸில் போய்த் தாம்பரத்தில் இறங்கி, திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது என்னும் தியான மையத்தில் பத்து நாள் விபாசனா, அதாவது யாரோடும் பேசாமல் மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பௌத்தத் தியானம். கிளம்பும்போது என் அத்தை, "பேசாம இருக்கதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணுமாட்டி? இங்கேயே இரு, நாங்க யாரும் உங்கிட்ட பேசலை" என்றார். பக்கத்து வீட்டில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அங்கே விடியற்காலை 4 மணிக்கு மணியடிப்பார்கள், நாலரைக்கு உட்கார வேண்டும், 11 மணிக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் 5 மணிக்குப் புது ஆட்களுக்குப் பழமும் டீயும், ஏற்கெனவே படித்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும், அதோடு அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும்தான். நாலாம் நாள்தான் உடம்பில் தலையிலிருந்து கால்வரை கவனத்தை நகர்த்தச் சொல்லித் தருவார்கள். ஆறாம் நாள் முழுக்க எனக்குச் சொதிக் குழம்பு நினைப்புதான், பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் திரும்பி வந்தபோது இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் இரண்டு பத்து நாள் முகாமில் உட்கார்ந்தேன், ஒன்றில் சமையல்கட்டில் சேவைக்கும் இருந்தேன். ஆசிரியராக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, "தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருங்க" என்று மட்டும் பதில் வந்தது. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அது நேர்மையான பதில். அந்த மரபில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பமே கிடையாது, அவர்களாகப் பார்த்து நியமிப்பார்கள். அந்த முறையை இந்தியாவில் பரப்பிய கோயங்காவே 1924இல் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. பர்மாவின் அக்கவுன்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின்னிடம் 14 வருஷம் பயின்ற பிறகே 1969இல் இந்தியாவுக்கு வந்து நடத்த ஆரம்பித்தார். 2013இல் இறந்துவிட்டார், இன்றும் பாடம் நடத்துவது அவருடைய குரல்தான். உதவி ஆசிரியர்கள் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுச் சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வார்கள். இருபது நாள் முகாமுக்குப் போகவே பத்து நாள் முகாம் ஐந்து, சதிபட்டானம் என்னும் இன்னொரு வகை முகாம் ஒன்று, ஒரு சேவை, இரண்டு வருஷத் தினசரிப் பயிற்சி எல்லாம் வேண்டும். கட்டணம் ஒரு பைசா இல்லை, படித்து முடித்தவர்கள் மட்டுமே நன்கொடை தரலாம். சொன்ன சொல் மாறக்கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் பலம். எனக்கோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் வாயால், என் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. வேறு முறையோடு கலக்கக்கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் நானே ஒதுங்கிக்கொண்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடுவில் 2019 டிசம்பரில் ஒரு வாரம் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்னும் ஜென் பௌத்தத் தியான மையத்தில் இருந்தேன், கொடைக்கானலுக்கு ஏறும் வழியில். பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார் ஆமா சாமி 1996இல் தொடங்கிய இடம். ஜப்பானில் யமதா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் படித்து, 1982இல் சொல்லிக்கொடுக்க அனுமதி வாங்கியவர். அங்கேயும் சர்டிபிகேட் பேச்சே கிடையாது, வருஷக்கணக்கில் கோவான் என்னும் புதிர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். குளிர் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் நீங்கள் கேட்கும் ஆன்லைன் பயிற்சி. 2021இல் சேர்ந்து 2023இல் முடித்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். பணம்: என் ஸ்கூட்டியை விற்று, அதற்கு மேல் சீட்டு எடுத்ததையும் போட்டேன், திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. நேரம்: அவர்கள் ஊரில் சாயங்காலம் ஏழரை என்றால் நமக்கு விடியற்காலை 5 மணி, அது எனக்கு வசதிதான். ஆனால் நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், வகுப்பு 6 மணிக்கு நகர்ந்துவிடும். இட்லி கொப்பரை அடுப்பில், நான் ஹெட்போனில், எங்கள் வீட்டுக்காரர் கையில் டிபன் டப்பாவோடு வாசலில். மார்ச் வரைக்கும் இப்படியே. பதிவு செய்த சொற்பொழிவுகள் அருமை, மறுக்க மாட்டேன். வழிகாட்டியோடு மாதம் ஒரு மணி நேரம், ஆறு பேருக்கு, அதாவது என் பங்கு பத்து நிமிஷம். இரண்டாம் வருஷம் வழிகாட்டியே மாறிவிட்டார், முதலிலிருந்து என் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த இரண்டாம் வழிகாட்டிதான் எனக்குக் கிடைத்த லாபம். நாம் நடத்தும் தியானத்தை இருபது நிமிஷம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் தமிழில்தான் செய்வேன் என்று அடம்பிடித்து அனுப்பினேன், கீழே ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. ஒரு வார்த்தை புரியாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, "இருபது நிமிஷத்தில் நீங்கள் பேசாமல் இருந்தது நாலு நிமிஷம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று, பிள்ளைகள் ஒரு நொடி சும்மா இருந்தால் "என்னல, புரியலையா?" என்று கேட்டுப் பழகியவளுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மொத்தப் பயிற்சியும் கடைசியில் அந்த நாலு நிமிஷத்தைப் பன்னிரண்டாக்கியதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர்கள் சொல்லித்தராத பாடம் மொழி. அதை மகாராஜ நகரில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் நான் நடத்தும் வகுப்புக்கு வந்து, பத்தமடைப் பாயில் உட்கார்ந்த ஒன்பது பேர் சொல்லித் தந்தார்கள். உடம்பில் எழும் உணர்வுக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் வேதனா, அதில் சுகமும் உண்டு, துக்கமும் உண்டு, ரெண்டும் இல்லாததும் உண்டு. நான் அந்தச் சொல்லைச் சொன்னதும், "வேதனையைப் பாக்கதுக்கா இவ்வளவு சீக்கிரம் எழும்பி வந்தோம்?" என்று ஒரு ஓய்வுபெற்ற அண்ணாச்சி கேட்டார். சதி என்றால் பாலியில் நினைவோடு இருப்பது, நம்மூரில் சதி என்றால் யாரோ யாருக்கோ குழி வெட்டுகிறார்கள். எல்லாம் மாறிப்போகும் என்பதற்கு அனிச்சா. அதை ஒரு ஆச்சி அனிச்சம் என்று காதில் வாங்கிக்கொண்டு, "மோந்தா வாடிப் போற பூதானே, பேரன் குறள்ல படிச்சான்" என்றார். ரெண்டும் வேற வேற சொல் என்று விளக்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். நான் மூன்று மாதமாகத் திணறியதை ஆச்சி ஒரு பூவில் முடித்துவிட்டார்.

ஆங்கிலத்தில் "கவனத்தை மூச்சுக்கு மென்மையாக அழையுங்கள்" என்கிற தினுசில் பேசுவார்கள். அப்படியே தமிழில் சொன்னால் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கிறது. இப்போது நான் சொல்வது இதுதான்: பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்போமே, அந்த மாதிரி. கிண்ட வேண்டாம், விட்டுவிட்டும் போக வேண்டாம். எல்லாரும் நலமாக இருக்க நினைக்கும் மெத்தா தியானத்துக்கு "நான் நலமாக இருப்பேனாக" என்று ஒரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தேன், வாழ்த்து அட்டை வாசிப்பது போல இருக்கும். அதே ஆச்சி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நல்லா இருக்கணும், எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். அதையே வைத்துக்கொண்டோம். இதில் ஒரு வேடிக்கை, அவலோகிதர் என்னும் போதிசத்துவரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் சொல்கிறது, பதினோராம் நூற்றாண்டு பௌத்த இலக்கணம். அகத்தியர் மலை எங்கள் மாடியிலிருந்து வானம் தெளிந்த நாளில் தெரியும் தூரம்தான். நானோ டாலர் கட்டிப் படித்துவிட்டு வந்து தமிழ் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, பணம் கட்டியது வீணா? இல்லை, ஒரு விஷயத்துக்காகவே வீணில்லை. குழுவில் இளைப்பு உள்ள ஒரு அம்மா. மூன்றாம் வாரம் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவர் முகம் வெளிறி, கை நடுங்கி எழுந்துவிட்டார். மூச்சைப் பார்க்கப் பார்க்க மூச்சே நின்றுவிடும் என்ற பயம். பழைய ஆளாக இருந்தால், "பொறுத்துக்கோங்க, அதையும் கவனியுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். பயிற்சியில் இதற்கென்றே பாடம் இருந்தது: கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே, மூச்சு ஒத்துவராவிட்டால் பாதத்தைக் கொடு, சத்தத்தைக் கொடு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் லிண்டாலும் பிரிட்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வை அப்போதுதான் படித்தேன். 60 பௌத்தத் தியானிகளைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள், தியானத்தால் பயமும் தூக்கமின்மையும் வந்தவர்கள் உண்டு. தியானம் எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த அம்மாவை டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு, தரையில் கால் பதிந்திருப்பதை மட்டும் கவனிக்கிறார். ஆடியில் பக்கத்துக் கோயில் கொடைக்கு விடியுமுன்னே குழாய் ஸ்பீக்கர் அலறும்போது எங்கள் எல்லாருக்கும் முகம் சுளிக்கும், சத்தத்தைக் கேட்டே பழகிய அவர் மட்டும் அசையாமல் இருப்பார்.

வருமானம் பற்றியும் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள், அவ்வளவுதான். நான் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை. வாசலில் ஒரு சொம்பு வைத்தேன், அதில் விழுந்ததைவிடப் பக்கத்தில் வந்து சேர்ந்த முருங்கைக்காயும் நார்த்தங்காயும் அதிகம். கட்டணம் வைத்து நடத்துபவர்களைக் குறைசொல்ல மாட்டேன், அவர்களுக்கு வாடகை இருக்கிறது, எனக்குச் சம்பளம் இருக்கிறது. இன்னொன்று, தினமும் உட்காரும் பழக்கம் இரண்டு வருஷமாவது இல்லாமல் பயிற்சியில் சேர்ந்தால் வார்த்தைகளை மட்டும்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள். என்னோடு சேர்ந்தவர்களில் அப்படிச் சிலரைப் பார்த்தேன், குரல் மட்டும் ரொம்ப இனிமையாக இருக்கும்.

சர்டிபிகேட் பீரோவில் ரேஷன் கார்டோடு கிடக்கிறது. இதுவரை அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் ஒரே ஒருவர், எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், மொட்டைமாடியைத் தருவதற்காக. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல குதிக்கது, ஆசனம் போடுது எல்லாம் உண்டா? மேல் வீட்டுல ஒழுகுது, தளம் தாங்காது" என்றார். சும்மா உட்கார்ந்திருப்போம், வேறு ஒன்றும் செய்ய மாட்டோம் என்றேன். நம்பாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சாவியைத் தந்தார்.