கொழும்பு – யாழ்ப்பாணம்: ஆகாயத்தில் 300, தரையில் 400

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வீதியால் போனால் 400ஐத் தொடும். பிளேனில் ஒரு மணித்தியாலம், வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எங்கடை ஆட்கள் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறார்கள். வயதான தாய் தகப்பனோடு வருகிறவர்கள் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்திலிருந்து வீட்டுப் படலை வரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் விமானம் ஏறுவது இரத்மலானையில். கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே, இரத்மலானை தெற்கே. பேலியகொடை வரை அதிவேகப் பாதை கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு நகர நெரிசல், அதிலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இரத்மலானைக்குப் போகிற காலி வீதி (Galle Road) அசையாது. விமானமும் சிறியது, லண்டன் பெட்டிகளை அப்படியே ஏற்ற முடியாது. யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியில் இறங்கினாலும் யாழ். நகரத்துக்கு இன்னும் அரை மணித்தியால ஓட்டம் இருக்கிறது.

வாகனமோ கட்டுநாயக்காவிலிருந்தே வடக்கு நோக்கித் திரும்பிவிடும். கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, பிறகு யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி. நாங்கள் போனபோது அம்மாவும் வீதியால்தான் போவோம் என்று உறுதியாக நின்றா. 2006 ஆகஸ்டில் ஏ9ஐ மூடியபோது கப்பலுக்கும் விமானத்துக்கும் சனம் காத்துக் கிடந்த காலத்தை அவ மறக்கவில்லை. வவுனியாவைத் தாண்டினதும் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தா: ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கிளிநொச்சியில் சோறு சாப்பிட்டோம். இதெல்லாம் விமானத்தில் வருமா?

வாடகைக்குப் பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள். கொழும்பு வாகனம் என்றால், அது வெறுமனே திரும்பி வருகிற செலவும் உங்கள் தலையில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்து கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டுத் திரும்புகிற கே.டி.எச். (டொயோட்டா) வான்கள் நிறைய உண்டு. ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் முதலே சொல்லிவைத்தால் அப்படி ஒன்று கிடைக்கும், விலையும் நன்றாகக் குறையும். எங்களுக்கு வந்த சாரதித் தம்பி பொறுமையானவர். அம்மா கேட்ட இடமெல்லாம் நிறுத்தினார். பின் சீற்றில் பெல்ட் மட்டும் வேலை செய்யவில்லை. அதைப் புறப்பட முன்னரே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் கட்டாயம்.

இரவில் ஓடச் சொல்லாதீர்கள். புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே யானை வீதிக்கு வரும். நித்திரை முழித்து ஓடுகிற சாரதி அதைவிட ஆபத்து. இரவு பிளேனில் வந்து இறங்கினால் நீர்கொழும்பில் படுத்து, விடியப் புறப்படுங்கள்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலும் நல்ல வழிதான், ஆனால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குளிரூட்டிய பெட்டியில் இடம் பிடிக்க முன்கூட்டியே பதிய வேண்டும்.

கொழும்பைத் தொடாமலே போகவும் வழி இருக்கிறது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு சென்னையிலிருந்து நேரே இறங்கலாம். ஆகாய வழியில் அந்தத் தூரம் கொழும்பிலிருந்து வருவதைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு தனித்தனி டிக்கெட்டில் வந்தால் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட இந்திய விசா வேண்டும். அதை முதலே எடுத்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.