போஸ்ட்மன்: 1969-ஆ, 1979-ஆ?

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் போஸ்ட்மனின் (1931–2003) பெயர் இப்போதெல்லாம் காதில் விழுவதே அபூர்வம். விழுந்தாலும், தொலைக்காட்சியைச் சாடி 1985-ல் எழுதிய புத்தகத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு முன்பு பள்ளிக்கூடம் பற்றி அவர் எழுதிய இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுபவை. எதை முதலில் எடுப்பது?

1969-ல் கல்வியாளர் சார்லஸ் வைன்கார்ட்னரோடு சேர்ந்து எழுதிய 'Teaching as a Subversive Activity' சரியான கலகம். பாடநூல்களுக்கு 5 ஆண்டு விடுமுறை கொடுங்கள் என்கிறது. ஆங்கில ஆசிரியர் கணக்கு நடத்தட்டும். வகுப்பில் ஆசிரியர் 3 வாக்கியம்தான் சொல்லலாம், 15 கேள்வி கேட்கலாம். அதிலும், தனக்கே விடை தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது! நம் வாய்மொழித் தேர்வுகளை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. படிக்க ஜாலி, நாளைக் காலை வகுப்புக்குப் போகிற ஆசிரியருக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம்.

1979-ல் வந்த 'Teaching as a Conserving Activity' புத்தகத்தில் அதே மனிதர் தட்பவெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை உவமையாகப் பிடித்துக்கொள்கிறார். அறை சூடானால் அது குளிர்விக்க வேண்டும். சமூகம் ஒரு பக்கம் சாய்ந்தால் பள்ளி மறுபக்கம் இழுக்க வேண்டும். பிள்ளைகளின் முதல் பாடத்திட்டம் தொலைக்காட்சிதான், பள்ளி அதற்கு அடுத்ததுதான் என்கிறார். தொலைக்காட்சி படத்தையும் உடனடி இன்பத்தையும் ஊட்டுகிறது. ஆகவே பள்ளி மொழியையும் வரலாற்றையும் நிதானத்தையும் பிடித்து நிற்கட்டும். உடை ஒழுங்குகூட வேண்டுமாம். கொஞ்சம் பெரியவர் தொனிதான், மறுக்கவில்லை.

கல்லூரி மாணவர் என்றால் முதலாவது. வீட்டில் கைபேசியோடு மல்லுக்கட்டும் பெற்றோர், ஆசிரியர் என்றால் யோசிக்காமல் இரண்டாவது.