மைக்காவுக்குப் பின்னால் என்ன பலகை? இன்டீரியர் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

காவிரி டெல்டாவில் புதுவீடு கட்டி, இன்டீரியர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீடு மயிலாடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆவணியில் குடிபோனோம். கார்த்திகை மழை ஓய்வதற்குள் சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி உப்பி, கதவு சாத்த முடியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் டிவி யூனிட், மாமனார் அறை அலமாரி என்று ஒவ்வொன்றாகக் கெட்டது. கொடுத்த பணம் 4.5 லட்சம் ரூபாய். வேலை எடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிவதைவிட, எந்தெந்த இடத்தில் எப்படி ஏமாற்றினார் என்று தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நாங்கள் கேட்டது இப்போது ரீல்ஸில் எல்லோரும் பார்க்கிற வீடுதான். கைப்பிடி இல்லாத வழவழப்பான அக்ரிலிக் கதவு, டிவிக்குப் பின்னால் கோடு கோடாக வரும் பேனல், அதற்குள் மறைந்து எரியும் விளக்கு, பிரம்புப் பின்னல் வைத்த அலமாரிக் கதவு, சந்தன நிறச் சுவர். வாழ்நாள் முழுக்கக் கரி படிந்த அடுப்படியில் மல்லுக்கட்டிய என் மாமியாருக்கு, இழுத்தால் சத்தமில்லாமல் வந்து, தள்ளினால் தானாகவே மூடிக்கொள்ளும் டிராயர் வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. அதை வைத்து ஏமாற்றியதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கும்பகோணத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வாசலிலேயே கண்ணாடித் தொட்டியில் ஒரு ப்ளைவுட் துண்டு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. "மாசக்கணக்கா ஊறுதுக்கா, ஒரு நூல் உப்பல பாருங்க. இதே பலகைதான் உங்க வீட்டுக்கும்" என்றார் வேலை எடுத்தவர். தொட்டியில் இருந்தது தண்ணீரைத் தாங்கும் நல்ல மரைன் ப்ளைதான். இந்த மாதிரி தொட்டியைப் பார்த்தால் ஒன்று கேளுங்கள்: இது எந்தக் கம்பெனிப் பலகை, இதன் மேல் என்ன அச்சு இருக்கிறது, அதே அச்சு உள்ள முழுப்பலகையை என் வீட்டில் இறக்குவீர்களா என்று. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எங்களுக்கு வந்த கோட்டேஷனில் "கிச்சன் 710 ப்ளை, லேமினேட் ஃபினிஷ், சதுர அடி 1,450" என்று ஒரே வரி. 710 என்பது ஒரு தர எண். ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர விதி. அந்த ரகப் பலகையைக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிப்பார்கள், ஒட்டு விடக்கூடாது. இதற்கு ஒரு படி கீழே பி.டபிள்யூ.ஆர். (பாய்லிங் வாட்டர் ரெசிஸ்டன்ட்) ரகம், அதற்கும் கீழே எம்.ஆர். (மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட்) ரகம். எம்.ஆர். ரகத்தைத்தான் கடைக்காரர்கள் கமர்ஷியல் ப்ளை என்பார்கள். இந்த இரண்டும் ஐ.எஸ். 303-இல் வரும். எம்.ஆர். ஓரளவு ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ப்ளைவுட்டே இல்லாத இன்னொன்று பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திச் செய்வது. விலை மரைன் ப்ளையில் பாதிகூட இருக்காது. மேலே மைக்கா ஒட்டி ஓரத்தில் பட்டி அடித்துவிட்டால் நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மொத்த ஏமாற்று வேலையும் இந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது.

வெறும் 710 என்ற அச்சை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதற்கு மேலே ஐ.எஸ். 710, கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண், மூன்றும் பலகையில் இருக்கவேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றின் பின்பக்கம் பெரிய எழுத்தில் 710 என்று இருக்கிறது. முத்திரையும் இல்லை, உரிம எண்ணும் இல்லை.

அடுத்து கடப்பா கல். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மேஸ்திரி ஏற்கெனவே சமையல் மேடைக்குக் கீழே செங்கல் தடுப்பு எழுப்பி, கடப்பா கல் தட்டு பதித்துக் கொடுத்திருந்தார். இந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருந்தா மாடுலர் லுக் வராதுக்கா, எடுத்துருவோம்" என்று சொல்லி எல்லாவற்றையும் இடித்துவிட்டார். ஏன் என்று அப்புறம்தான் எங்கள் ஊர் ஆசாரி விளக்கினார். கல் தட்டு இருந்தால் முன்னால் கதவு மட்டும்தான் போட முடியும், கதவுக்கு மட்டும்தான் பணம் கேட்க முடியும். இடித்தால் பெட்டிக்கும் சேர்த்துச் சதுர அடி கணக்குப் போடலாம். கல்லில் ஈரம் ஏறினால் துடைத்தால் போதும், அதைக் கரையானும் தின்னாது. வண்டல் மண்ணும் வாய்க்கால் ஈரமும் உள்ள நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான ஒன்று சமையலறைக்குக் கிடையாது. யார் என்ன லுக் சொன்னாலும் கடப்பா கல்லை இடிக்க விடாதீர்கள்.

அளவெடுப்பதிலும் விளையாட்டு இருந்தது. வழக்கமாக முன்பக்கத்து நீளத்தையும் உயரத்தையும் பெருக்கித்தான் சதுர அடி போடுவார்கள். இவர் பெட்டியின் பக்கவாட்டையும் சேர்த்துப் போட்டிருந்தார். பரணுக்கு உள்ளே பெட்டியே கிடையாது, சட்டமும் கதவும் மட்டும்தான், அதற்கும் முழுப் பெட்டி ரேட். எதை எப்படி அளப்பீர்கள் என்பதைக் கோட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முகூர்த்தம் குறித்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வேலையை இழுத்துக்கொண்டே போய், கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் பட்டறையிலேயே மைக்கா ஒட்டி, ஓரம் அடைத்து, மினிவேனில் கொண்டுவந்து இறக்கினார். என் மாமனார், "தம்பி, உள்பலகையைப் பார்க்கணுமே" என்று கேட்டார். "ஐயா, இப்பல்லாம் மெஷின் ஒர்க். வெறும் பலகை எந்த வீட்டுக்கும் வராது" என்று பதில் வந்தது. மெஷின் வேலையில் பலகை முடிந்த நிலையில்தான் வரும் என்பது நிஜம்தான். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடியாது என்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். இன்னொன்று, சிங்க் குழாய்க்கும் பிளக் பாயிண்டுக்கும் துளை போடும்போது வட்டமாகத் துண்டு விழும். அதைக் கேட்டு வாங்கி வெட்டுவாயைப் பாருங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தகடு தெரியும். தூள் தூளாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசித் தவணையையும் அதுவரை கையிலேயே வைத்திருங்கள். எங்களிடம் பூஜைக்கு முந்தின நாளே பாக்கி முழுவதையும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று சொல்லி வாங்கிவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதலில் ஒரு புழுங்கல் வாடை மட்டும் வந்தது. அப்புறம் சிங்க் பெட்டியின் கதவு தரையில் உரசியது. ஆசாரியை வரச்சொன்னோம். கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, உளியால் ஓரப் பட்டியை மெதுவாக நெம்பி உரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் தூள். விரலை வைத்து அழுத்தினால், பாலில் விழுந்த ரஸ்க் போல அமுங்கியது. குழாய்த் துளையின் விளிம்பில் சிலிக்கான்கூடப் பூசவில்லை, வெட்டுவாய் அப்படியே திறந்து கிடந்தது. தண்ணீர் குடித்தது அந்த வழியாகத்தான். 18 எம்.எம். பலகை அங்கே 25 எம்.எம். தாண்டி உப்பியிருந்ததை டேப் வைத்துக் காட்டினார். கீல் மாட்டிய ஸ்குரூவை இழுத்தார், திருப்புளியே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மற்ற பெட்டிகளையும் பார்த்தோம். கண் மட்டத்துக்கு மேலே தொங்கும் இரண்டு பெட்டிகள் மட்டும் ப்ளைவுட், அதுவும் அந்த முத்திரை இல்லாத 710. மேடைக்குக் கீழே, தண்ணீர் படும் இடம் முழுக்க, பார்ட்டிகிள் போர்டு. டிராயர் வைத்த பெட்டியும் அதில் அடக்கம்.

டிவிப் பேனலை ஓதம் இறங்காத புதுச்சுவரில் பசை மட்டும் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது ஒரு ராத்திரி பிய்ந்து விழுந்தது. சுவர் காயாமல் எந்தப் பேனலும் ஒட்டக்கூடாது, அது அடிப்படை. மாமனார் அறை அலமாரியின் முதுகுப்பலகை அதே ஓதத்தைக் குடித்துப் பூஞ்சை பிடித்திருந்தது. அதில் அடுக்கிய வேட்டிகளில்கூடக் கறை. பிரம்புப் பின்னல் என்று தனி ரேட் வாங்கிய கதவில் இருந்தது பிளாஸ்டிக் நாடா. எங்கள் மாவட்டத்திலேயே, சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் தைக்கால் இருக்கிறது. அங்கே கடை கடையாகப் பிரம்பு நாற்காலியும் ஊஞ்சலும் செய்து வைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே பின்னுபவர்களுக்குப் போயிருக்கவேண்டிய பணம் பிளாஸ்டிக்குக்குப் போயிற்று.

அவரைக் கூப்பிட்டபோது முதலில், "மழைக்காலத்துல எல்லா மரமும் கொஞ்சம் உப்பும்க்கா, வெயில் வந்தா இறங்கிடும்" என்றார். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் இறங்காது. இரண்டாவது முறை, நாங்கள் தண்ணீரைச் சிந்தியதுதான் காரணம் என்றார். சமையலறையில் தண்ணீர் சிந்தத்தான் செய்யும், அதற்குத்தானே மரைன் ப்ளைக்குப் பணம் கொடுத்தோம். ஆசாரி உரித்த படத்தை அனுப்பியபிறகு பேச்சே இல்லை.

இதே நிலைமையில் இருப்பவர்கள் முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிடவேண்டும்.

கோட்டேஷன், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். முக்கியமாக, உப்பிய பலகையை எரிச்சலில் கொல்லைப்புறத்தில் போட்டு எரித்துவிடாதீர்கள். ஆணையம் நினைத்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். எங்கள் வீட்டில் கழற்றிய பலகைகளைத் தேதி எழுதி, சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். பில் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஜி.எஸ்.டி. இல்லாமல் கொடுத்தால் 18 சதவீதம் மிச்சம் என்று சொல்லி வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். 15 இலக்க எண், தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-இல் தொடங்கும். எங்களுக்குக் கிடைத்த தாளில் எண் இல்லை, ஆனால் பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் அதையே ஆதாரமாக வைத்திருக்கிறோம்.

இப்போது மேடைக்குக் கீழே திரும்பவும் செங்கல் தடுப்பும் கடப்பா கல்லும் போட்டாயிற்று. முன்கதவு மட்டும் ஆசாரி செய்கிறார். பலகையை மயிலாடுதுறையில் கடையில் நின்று முத்திரை பார்த்து நாங்களே வாங்கி வந்தோம். மாமியார் கேட்ட டிராயரையும் ஒரு தடுப்புக்குள், அது ஓடுவதற்கு நல்ல சேனல் வைத்து ஆசாரியே பொருத்தப்போகிறார். திருவாரூர், நாகை, தஞ்சாவூர்ப் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். புகார் மனு எப்படி எழுதினோம், என்னென்ன இணைத்தோம் என்பதை அப்படியே அனுப்பித் தருகிறேன்.