தனியாக ஆட எது: டிரான்ஸா, ஜங்கிளா?

கதவைச் சாத்திக்கொண்டு தொண்ணூறுகளின் ரேவ் இசைக்கு, அதாவது விடிய விடிய நடக்கும் நடனக் கூட்டங்களின் மின்னணு இசைக்கு, தனியாக ஆடியவர்களுக்குக் கூட்டம் இல்லாத அந்த ஏக்கம் தெரியும். டிரான்ஸும் ஜங்கிளும் அதில் இரண்டு வகை. டிரான்ஸ் நிமிடத்துக்கு 130, 140 துடிப்பு. இசை மெல்ல ஏறும், டிரம் அடங்கும், உச்சத்தில் மறுபடி முழுசாக வந்து விழும். அழகுதான். ஆனால் அந்த உச்சம் கூட்டத்துக்காகச் செய்தது. தனி அறையில் ஏதோ குறையும்.

லண்டனில் வளர்ந்த ஜங்கிள் அப்படியில்லை. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழு பதிவு செய்த சில நொடி டிரம் துண்டை வெட்டி ஒட்டி, 160க்கு மேல் ஓட்டுவார்கள். பேஸ், அதாவது அடியில் அதிரும் கனத்த ஒலி, பாதி வேகத்தில் நகரும். கால் டிரம்மோடு ஓடும், இடுப்பு பேஸோடு அசையும். மூச்சு வாங்கினால் பேஸுக்கு மாறிக்கொள்ளலாம். அப்புறம், உரிமமில்லாத வானொலிகளில் வந்ததைக் கேசட்டில் பிடித்துப் பலர் வீட்டிலேயே கேட்ட இசை அது. எனக்கு இன்றும் ஜங்கிள்தான், விளக்கை அணைத்துவிட்டு.