பயிற்சிப் பொறுப்பை விட்ட பிறகு: வர்ணனை அறையா, நிர்வாக நாற்காலியா?

பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகுவோர் பலர் இந்த இரு வழிகளுக்கிடையே தயங்குகிறார்கள். முதலாவதற்கு அமெரிக்கக் கால்பந்தின் ஓக்லண்ட் ரைடர்ஸ் பயிற்சியாளர் ஜான் மேடனையும், இரண்டாவதற்கு 1996 முதல் 2018 வரை இங்கிலாந்தின் கால்பந்து அணியான ஆர்சனலை நடத்திய ஆர்சென் வெங்கரையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்ட நாளின் பரபரப்பு
வர்ணனை: பெருமளவு மிஞ்சுகிறது. வயிற்றுப்புண்ணால் அவதியுற்று 42 வயதில் விலகிய மேடன், 2009 வரை வர்ணனையாளராக ஆட்டத்தோடு இருந்தார்; தோல்வியின் சுமை மட்டும் அவருடையதாக இருக்கவில்லை.
நிர்வாகம்: ஏறத்தாழ இல்லை. 2019இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கால்பந்து வளர்ச்சிப் பொறுப்பை ஏற்ற வெங்கருக்கு, வெல்ல வேண்டிய வார இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது.

கற்பித்தல்
வர்ணனை: மேடன் திரையில் கோடு வரைந்து விளக்கியது பார்வையாளருக்கு உடனே புரிந்தது.
நிர்வாகம்: பல நாட்டு இளையோரைச் சென்றடையலாம், பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்.

வீரர்களுடனான நெருக்கம்
இரண்டிலும் இல்லை. காலைப் பயிற்சிக்கு வரும் இளைஞனின் நடையைக் கண்டே அவன் மனக்கவலையை உணர்வதும், பல மாதம் தடுமாறிய ஒரு நகர்வை அவன் ஒருநாள் தானாகச் செய்து முடிப்பதை எல்லைக்கோட்டருகே நின்று பார்ப்பதும் அணியோடு வாழ்பவருக்கே வாய்க்கும். பயிற்சியாளர்கள் கோப்பைகளைவிட இதையே அதிகம் இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உடல்நலத்துக்காக விலகினாலும் ஆட்டத்தின் சூட்டை விட மனமில்லாதவருக்கு வர்ணனை பொருந்தும். பொறுமையும் நீண்டகாலத் திட்டமும் உள்ளவருக்கு நிர்வாகம். நெருக்கத்தையே தேடுபவர், சம்பளம் குறைந்தாலும், சிறுவர் அணி ஒன்றுக்குத் திரும்பலாம்.