வெளிர் நிறத்தில் வீட்டை மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும் விடு" என்று வீட்டில் சொல்வார்கள், நானும் விட்டுவிடுவேன், அவர்கள் அடுத்த வீட்டில் போய் இதே வேலையைக் காட்டுவார்கள்.

பெயர் போடவில்லை. வீட்டு அலங்காரத்தை மொத்தமாக எடுத்துச் செய்து தரும் ஆன்லைன் சேவை. சுவர் பெயிண்ட், திரைச்சீலை, குஷன் உறை, தரைவிரிப்பு எல்லாம் ஒரே பேக்கேஜில் வரும், ஆட்களையும் அவர்களே அனுப்புவார்கள், அந்த வகை. வசந்தம் வந்தால் இவர்களுக்குச் சீசன். புதினாப் பச்சை, பீச், லாவெண்டர், இளநீலம் என்று படம் படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். நான் கட்டியது என் இரண்டு மாதச் சம்பளம். கடன் வாங்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம், அதனால்தான் இன்னும் எரிகிறது.

விளம்பரத்தைப் பார்த்து நம்பவில்லை. அவர்கள் அனுப்பிய டிசைனர் பெண்ணைப் பார்த்து நம்பினேன். வந்ததும் எதையும் விற்க முயலவில்லை. ஜன்னல் எந்தத் திசை, காலை வெயில் எந்தச் சுவரில் விழும், ராத்திரி எந்த விளக்கு போடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நிற மாதிரிகள் உள்ள ஷேட் கார்டை மேஜையில் விரித்துக் காட்டாமல் சுவரோடு சுவராக நிறுத்திப் பிடித்தார், விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினார். "வெளியில மரம் இருக்கு மேடம், அந்தப் பச்சை உங்க சுவர்ல அடிக்கும், அதனால புதினாவுல பச்சை கொஞ்சம் கம்மியா இருக்கற ஷேடா எடுப்போம்" என்றார். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு இருப்பதையும், வெளிர் நிறங்கள் பெரும்பாலும் 60க்கு மேல் இருக்கும், அதனால்தான் அறை பெரிதாகத் தெரியும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஹாலில் ஒரு சுவர் முன்பு அடர் மரூன் நிறத்தில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ப்ரைமர் கட்டாயம், அதுக்கு மேல ரெண்டு கோட், இல்லன்னா மரூன் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும்" என்றார். நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுதான் ப்ரைமர். கோட்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அத்தனையும் சரியான பேச்சு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் கெடுத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று இவர்களுக்கு முழுசாகத் தெரியும், அந்த அறிவு பணம் வாங்கும் வரைக்கும்தான் வீட்டுக்குள் வரும்.

பணம் கட்டும் விதத்தையும் அவரேதான் சொன்னார். வசந்தச் சலுகை அன்று இரவோடு முடிகிறதாம், முழுத் தொகையும் முன்கூட்டியே கட்டினால்தான் அது பொருந்துமாம், ஆப் வழியாகக் கட்டினால் சர்வீஸ் சார்ஜ் ஏறுமாம், நேரடியாக இந்தக் கணக்குக்குப் போட்டுவிடுங்கள் என்று ஒரு எண் அனுப்பினார். கணக்கின் பெயரும் அந்தச் சேவையின் பெயரும் ஒன்றுதான். இரண்டு மாதச் சம்பளம் ஒரே நொடியில் போனது, உடனே பூப்பூவாக ஒரு படத்துடன் "உங்கள் வீட்டுக்கு வசந்தம் வருகிறது" என்று மெசேஜும் வந்தது.

வேலை நடந்த அன்று அந்தப் பெண் வரவில்லை. வந்த பெயிண்டர்கள் கொண்டுவந்தது டின் இல்லை, வாளி. மூடி போட்ட வாளிகள், எதிலும் லேபிள் கிடையாது. "ஷேட் நம்பர் எங்கண்ணா?" என்று கேட்டேன். "எங்களுக்கு இப்படித்தாம்மா குடுத்தாங்க, கொடுத்ததை அடிக்கிறோம்" என்றார் பெரியவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் கூலிக்கு வந்தவர்தான்.

லேபிள் ஏன் முக்கியம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷேட் கார்டில் இருக்கும் வெளிர் நிறம் கடையில் மெஷினில் தயாராகிறது. வெள்ளை பேஸில், அதாவது நிறம் சேர்க்காத பெயிண்டில், எந்த நிறமி எத்தனை அளவு என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு விடும், அதை லேபிளில் அச்சடித்து மூடியில் ஒட்டுவார்கள். வெளிர் நிறத்துக்கு விழும் நிறமி மிகக் கொஞ்சம். அடர் நீலத்தில் நாலு சொட்டு கூடினால் யாருக்கும் தெரியாது, இளநீலத்தில் கூடினால் வேறு நிறமாகிவிடும். எனக்கு வந்தது மலிவான வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற கெட்டி நிறத் திரவத்தைக் கையால் பிழிந்து கண் மதிப்பில் கலக்கிய சரக்கு. கூட இருந்த ஒரு பையன் வாளியைக் கலக்கும்போதே வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

விளைவு என்ன தெரியுமா, ஹாலில் ஒரு சுவர் ஒரு பச்சை, பக்கத்துச் சுவர் இன்னொரு பச்சை, இரண்டும் சேரும் மூலையில் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. நான் தேர்ந்தெடுத்த புதினா எங்கேயும் இல்லை. பழைய ஆஸ்பத்திரி வராந்தா போல ஒரு சாம்பல் பச்சை. மரூன் சுவரில் ப்ரைமர் அடிக்கவே இல்லை, பெயிண்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அடித்திருக்கிறார்கள். வெளிர் நிறத்துக்கு மறைக்கும் சக்தியைக் கொடுப்பது அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. மலிவுச் சரக்கில் அது குறைவு, அதிலும் தண்ணீர் கூடினால் அடியில் இருப்பது தெரியாமல் என்ன செய்யும். இப்போது அந்தச் சுவர் புதினாவும் இல்லை, மரூனும் இல்லை, அங்கங்கே அழுக்கு ரோஸ்.

படுக்கையறை லாவெண்டர் கதை இன்னும் மோசம். குழாய் கசிந்த இடத்தில் சிமெண்ட் பூசிச் சரிசெய்திருந்தோம், பூச்சு புதுசு என்று கோட்டேஷன் போடும்போதே சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். புது சிமெண்டில் சுண்ணாம்பு போலக் காரத்தன்மை அதிகம். சாதாரணமாக 28 நாளாவது விட்டு, நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து, காரத்தைத் தாங்கும் ப்ரைமர் அடித்த பிறகுதான் நிறத்துக்குப் போவார்கள். இங்கே ஈரம் காயாத பூச்சின் மேலேயே அடித்துவிட்டுப் போனார்கள். ஊதா, ரோஸ் வகையில் சில நிறமிகள் காரத்தில் வெளுத்துப்போகும். என் சுவரில் லாவெண்டர் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து, தினமும் கொஞ்சம் அகலமாகிறது.

திரைச்சீலை லினன் என்றார்கள், வந்தது பளபளக்கும் பாலியஸ்டர். குஷன் உறையை அலசினேன், பீச் நிறம் தண்ணீரோடு போய்விட்டது. இதையெல்லாம் பேசவே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

சரி, புகார் கொடுத்தேன். வந்த பதில்களை அப்படியே தருகிறேன், இதே பதில்கள் உங்களுக்கும் வரும்.

முதலில், "ஈரமா இருக்கும்போது அப்படித்தான் தெரியும், காயட்டும்." காய்ந்தால் நிறம் கொஞ்சம் மாறும்தான், ஆனால் இரண்டு சுவரும் காய்ந்து ஒன்றாகிவிடுமா? காய்ந்தது. ஒன்றாகவில்லை. அப்புறம், "காலை வெளிச்சத்துல பாருங்க." காலையில் பார்த்துச் சொன்னால், "சாயங்காலம்தான் இந்த ஷேட் எடுப்பா தெரியும்." அதற்கு அப்புறம், "உங்க பல்புதான் பிரச்சினை, மாத்துங்க." எங்கள் வீட்டில் இருப்பது 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு, அந்தப் பெண் நேரில் போட்டுப் பார்த்து, இதற்குப் பொருந்தும் என்று சொல்லித்தான் நிறத்தையே எடுத்தார். 6500 கெல்வின் வெள்ளை விளக்கு போடச் சொன்னார்கள். அதையும் வாங்கிப் போட்டேன். வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்ததுதான் உச்சம். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "போன் கேமரா நிறத்தைச் சரியாகக் காட்டாது, அதை வைத்து முடிவெடுக்க முடியாது" என்றார்கள். நேரில் வந்து பாருங்கள் என்றேன். "நேரில் வரும் வசதி இல்லை, போட்டோவை வைத்துத்தான் முடிவெடுப்போம்" என்று பதில் வந்தது. இரண்டையும் அனுப்பியது ஒரே ஆள்! ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

வெளிர் நிறம் என்பதால்தான் இந்த விளையாட்டு நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்பு கேட்டு நீலம் அடித்தால் எந்தச் சாக்கும் எடுபடாது. இங்கே எல்லாமே மங்கல், எல்லாமே நுட்பம், எதைச் சொன்னாலும் வெளிச்சம், பல்பு, கண், கேமரா என்று நழுவிவிடலாம். கடைசியில் என் புகாரை மூடியபோது காரணம் என்று என்ன போட்டார்கள் தெரியுமா? "வாடிக்கையாளரின் ரசனை மாற்றம்." ப்ரைமர் அடிக்காதது என் ரசனையாம்!

பணத்தைத் திருப்பிக் கேட்டால், கலந்த பெயிண்டுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பெயிண்ட் கடைகளில் இந்த வழக்கம் உண்டு, நமக்கென்று மெஷினில் கலந்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லை, அது நியாயம்தான். சரி, அப்படியானால் மெஷினில் கலந்த ரசீதை அனுப்புங்கள் என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. வேறொரு ஆள் வந்து, பணம் ஆப் வழியாக வரவில்லை, அதனால் எங்கள் கேரண்டி பொருந்தாது என்கிறார். அந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்ததே உங்கள் டிசைனர்தானே என்றால், "அவங்க இப்ப எங்ககூட இல்லை." ஆப்பைத் திறந்தால் அவர் படம் இன்னும் முதல் பக்கத்திலேயே சிரிக்கிறது. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

நேற்று வேறொரு பெயிண்டரைக் கூட்டிவந்து காட்டினேன். ஹாலைச் சரிசெய்யலாம், ப்ரைமரில் தொடங்கி மறுபடி அடிக்க வேண்டும், படுக்கையறையில் இப்போது கை வைக்கவே கூடாது, பூச்சு முழுசாகக் காயட்டும் என்றார். அதாவது இரண்டு மாதச் சம்பளம் போனதோடு முடியவில்லை, மறுபடியும் செலவு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், ஆப்பில் ஆரம்பித்த வேலைக்கு வெளிக் கணக்கில் பணம் போடவே போடாதீர்கள், சார்ஜ் கூடினாலும் பரவாயில்லை. நிறத்தைப் போன் திரையில் முடிவு செய்யாதீர்கள், பெரிய அட்டையில் அதே பெயிண்டை இரண்டு கோட் அடித்து, அறையில் ஒவ்வொரு சுவராக மாற்றி வைத்து, பகலிலும் விளக்கிலும் பாருங்கள். ஒரே ஷேடில் பல டின் வந்தால் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள், மெஷினில் வந்தாலும் டின்னுக்கு டின் லேசாக மாறும். ப்ரைமர் அடிக்கும் அன்று வீட்டில் யாராவது இருங்கள். ரோலர் சுவரில் படுவதற்கு முன் மூடியில் இருக்கும் லேபிளைப் போட்டோ எடுங்கள், லேபிள் இல்லாத வாளி வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், பெயிண்டர் பாவம் என்று பார்க்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

நான் வாளிகளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், கோட்டேஷனும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு வங்கிக்கும் போகிறேன். இதற்கு நடுவில் அவர்களிடமிருந்து இப்போது ஒரு மெசேஜ், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.